எறும்பு புகாத தூளி

குணாளன் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தூசிக்குக் காவல் இருப்பவன். மின்சில்லு செய்கிற அறைக்குள் ஒரு தலைமுடி, ஒரு பவுடர் துகள்கூட நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவனுக்குச் சம்பளம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, மூக்கும் வாயும் மூடி, கண் மட்டும் வெளியே. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பானா? சீனி டின் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். நித்யாவுக்குக் கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் இதெல்லாம் பழகிப்போய்விட்டது. பழகாதது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை.

சனிக்கிழமை வந்தால் அவனுக்கு வீட்டில் கால் தரிக்காது. முதுகுப் பையில் ஹம்மோக்கைச் சுருட்டி வைத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவான். இரண்டு மரத்துக்கு நடுவே அந்தத் துணியைக் கட்டி, அதில் தூங்கி எழுந்து, ஞாயிறு மதியம் பல்லை இளித்துக்கொண்டு வந்து நிற்பான். அவன் அதை ஹம்மோக் என்பான். நித்யா தூளி என்பாள். "மீசை முளைச்ச பிள்ளைக்கு எதுக்குங்க தூளி?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாரம் முழுக்க லிட்டில் இந்தியாவில் புடவைக் கடையில் நின்று கால் கடுக்க வியாபாரம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் பேச ஓர் ஆள் கிடையாது. சுவரோடா பேசுவது? அவளுக்குப் புருஷன் வேண்டும், அவ்வளவுதான். அதை வாய் திறந்து கேட்கத்தான் ரோஷம் விடவில்லை.

"ஒரே ஒரு தடவை நீயும் வந்து பாருலா," என்றான் ஒரு நாள்.

"வரேன். ஆனா ஒரு பூச்சி, ஒரே ஒரு பூச்சி என்னைக் கடிச்சாலும் அன்னைக்கே தூளியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடணும். சனிக்கிழமை வீட்டோட இருக்கணும். சம்மதமா?"

"தூசியையே உள்ள விடாதவன் நான். கொசுவை விட்டுருவேனா?"

ஆள் நன்றாக மாட்டிக்கொண்டான் என்று நித்யா உள்ளுக்குள் கும்மாளம் போட்டாள். பினாங்குக் கொசுவைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

அடுத்த நாளே அவன் அவள் கடைக்கு வந்துவிட்டான். வலைத்துணி ஒவ்வொன்றையும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணியின் அளவு பார்த்தான். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள் வேடிக்கை பார்த்துவிட்டு, "பொண்ணு என்ன நிறம் தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார். "இது கொசுவுக்கு, அக்கா," என்றான் அவன். நித்யா பாவாடைத் துணி அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

குணாளனோடு வேலை பார்க்கும் இமானின் குடும்பத்துக்கு பாலிக் பூலாவில், பலா மாதிரி முள்ளும் கனமுமாகக் காய்க்கும் டுரியானுக்குத் தோட்டம் இருந்தது. பழம் விழுகிற காலம் அது. "டுரியான் மரத்துல மட்டும் கட்டாதீங்க அண்ணே. பழம் ஆள் பார்த்து விழாது," என்று சொல்லி, சரிவில் இருந்த மூன்று ஜாதிக்காய் மரங்களைக் காட்டிவிட்டு, ஒரு கூடை டுரியானையும் கொடுத்துவிட்டுப் போனான் இமான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே குணாளனை. காரை விட்டு இறங்கும் முன்பே சட்டம் போட ஆரம்பித்துவிட்டான். தலையில் மல்லிகை கூடாது. கழற்றி காரின் கண்ணாடியில் மாட்டிவிடு. பவுடர் கூடாது. டுரியான் தின்ற கையை வாயை இரண்டு தடவை கழுவு. தின்பண்டம் எதுவும் ஹம்மோக்குக்குள் வரவே கூடாது. பிறகு தன் கோட்டையைச் சுற்றிக் காட்டினான். மேலே மழைக்குக் கூரைத் துணி. சுற்றிலும் வலை, நடுவே ஜிப். முதுகுப் பக்கம் இரட்டைத் துணி, ஏனென்றால் கொசு கீழே இருந்து துணியோடு சேர்த்துக் குத்துமாம். எறும்பு கயிறு வழியாக நடந்து வருமாம். அதனால் கயிற்றின் இரண்டு முனையிலும் செராய் என்கிற எலுமிச்சைப்புல் எண்ணெயில் ஊறிய துணிச் சுற்று.

"நீ சீனி டின்னைத் தண்ணித் தட்டுல வைக்கிற மாதிரிதான்."

நித்யா தலையை ஆட்டினாள். மனதுக்குள் லேசாகக் கலக்கம் தட்டியது. மனுஷன் ஒரு ஓட்டை வைக்கவில்லையே. இப்படியே போனால் தோற்றுப்போவோம், ஆயுசுக்கும் சனிக்கிழமை போய்விடும். அவள் பார்வை டுரியான் ஓடுகள் கிடந்த பக்கம் போனது. முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையே சின்னச் சின்னச் செவ்வெறும்புகள் குடும்பத்தோடு போய்வந்துகொண்டிருந்தன.

அவள் செய்தது அநியாயம்தான், இல்லை என்று யார் சொன்னது? அவன் விளக்கு எடுக்கத் திரும்பிய நேரத்தில், ஒரு சுளை ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். அவன் சொல்லிக்கொடுத்தபடி முதலில் உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்கி உள்ளே போட்டு, மூட்டையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள். குணாளன் வெளியே இருந்து ஜிப்பை இழுத்து மூடி, விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தான்.

"இனி ஒரு ஈ எறும்பு வராது."

"பார்ப்போம்," என்றாள் நித்யா.

இருட்டியது. அவன் பக்கத்துத் தூளியில் ஏறிப் படுத்தான். நடு மரம் இரண்டு பேருக்கும் பொது. அவன் புரண்டால் அவளுக்கும் லேசாக ஆடியது. வலைக்கு வெளியே கொசுக்கள் கூட்டம் போட்டுப் பாடின. ஒன்றும் உள்ளே வரவில்லை. கடலிலிருந்து காற்று வந்து முதுகுக்கு அடியில் நுழைந்து போனது. கைப்பேசிக்கு லைன் இல்லை. வேறு வழியில்லாமல் மனுஷன் பேசினான்.

"வாரம் பூரா மூஞ்சியை மூடிக்கிட்டு நிக்கிறேன் நித்யா. உள்ள ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. இங்க வந்தாத்தான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

இதை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"தனியாப் படுத்துக்கிட்டு என்னதான் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் இல்ல." அவன் புரண்டதில் அவள் தூளியும் ஆடியது. "எனக்கு ரெண்டு மரம் போதும். ஆனா எங்க போனாலும் பக்கத்துல மூணாவது மரம் இருக்கான்னு பார்ப்பேன்."

"அது எதுக்கு?"

"உன்னோடதைக் கட்டத்தான்."

நித்யா வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்த அத்தனை சனிக்கிழமையும் இந்த மனுஷன் அவளுக்கு மரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு வேண்டியது வீட்டில் இருக்கும் சனிக்கிழமை இல்லை, இதுதான் என்று பளிச்சென்று விளங்கியது. சரியாக அந்த நேரம் பார்த்து முதல் எறும்பு அவள் கணுக்காலில் கடித்தது.

அடுத்தது முழங்காலில். அப்புறம் எங்கெங்கே என்று சொல்வது மரியாதையில்லை. துப்பட்டாவை உதறினாள், அதில் இருந்தவை கழுத்துக்கு வந்தன. மூட்டையை வெளியே எறியலாம் என்றால் ஜிப்பைத் திறக்க வேண்டும், திறந்தால் சத்தம் கேட்கும், கேட்டால் கடித்தது தெரிந்து தூளி கைவிட்டுப் போய்விடும். கோட்டை என்றால் இதுவல்லவா கோட்டை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பதும் வெளியே போகாது. அவள் கடையில் எத்தனையோ வாடிக்கையாளரிடம் பொறுமையாக இருந்திருக்கிறாள். இதற்கு அது ஒன்றுமே இல்லை.

"ஏதாச்சும் கடிக்குதா?" என்றான் அவன்.

"இல்லையே."

"மரம் ஆடுதே."

"காத்துங்க."

காற்று எப்போதோ நின்றிருந்தது. அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நித்யா தலையணை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே கிடந்தாள்.

விடிந்து அவள் ஜிப்பைத் திறந்து இறங்கியபோது, குணாளன் தன் ஹம்மோக்கை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக் கட்டியிருந்தான். பூத்த கண்ணோடு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"இமான்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"டுரியான் வாசனையை ஒளிக்க முடியுமாலா? நீ ஏறுனப்பவே வந்துருச்சு." அவன் பையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். எறும்போட படுக்குற அளவுக்கு நான் வீட்டுல இருக்கணும்னு உனக்கு இருந்திருக்கு. ஆறு வருஷமா அது எனக்குத் தெரியல. சரி, நீ கத்துனதும் தோத்துட்டேன்னு சொல்லிடலாம்னு முழிச்சுக்கிட்டே கிடந்தேன்."

"நான் கத்துனேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? என்னை ஒண்ணுமே கடிக்கல."

குணாளன் நிமிர்ந்தான். நித்யாவின் வலது கண் பாதி மூடியிருந்தது. மேல் உதடு ஒரு பக்கமாக வீங்கித் தொங்கியது. கழுத்து முழுக்கத் தடிப்பு. அவள் அசராமல் நின்றாள்.

"கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

"ஆறு வருஷமா நான் பார்க்கலையே."

"நீங்க எங்க பார்த்தீங்க?" என்றாள் நித்யா.

விளையாட்டாகத்தான் சொன்னாள். குணாளன் எழுந்து பையின் கட்டை அவிழ்த்தான். ஹம்மோக்கை வெளியே எடுத்துக் கல்லின் மேல் வைத்தான். பூதக்கண்ணாடியையும் எடுத்தான், பிறகு அது வேண்டாம் என்று வைத்துவிட்டு, அவள் முகத்தை இரண்டு கையிலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான்.

"புருவத்துல ஒண்ணு இன்னும் இருக்கு. அசையாத."

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "நல்லாப் பார்த்தே எடுங்க."