முழங்கை வரை கையுறை, நடுத்தர அளவு

1

இந்தக் கதைக்கு நான் காரணமில்லை. எபோலாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் எங்கள் கைலாஹுன் மாவட்டக் குழுவுக்கு முழங்கை வரை வரும் தடித்த கையுறை கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். தலைமை அலுவலகம் மனமிரங்கிப் பதில் போட்டது: 'நெஞ்சை உருக்கும் கதை ஒன்று அனுப்பவும்.' நான் லாஹாய், குழுவின் எழுத்தர். கேட்டது கையுறை, கிடைத்தது இலக்கிய வாய்ப்பு.

2

'யாட்டா கண்ணீரைத் துடைத்தபடி பிணத்தருகே...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். யாட்டா எங்கள் குழுவின் ஒரே பெண். இப்போது, தொற்று இருக்குமோ என்று கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் தனியே உட்கார்ந்திருக்கிறாள். இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு.)

"ஏன் லாஹாய் அண்ணே, கவச உடையோட, பிணம் தொட்ட கையால யாராவது கண்ணத் தொடைப்பாங்களா? ஒரே வரியில என்னைக் கொன்னுட்டியே!"

"கதையில அழுகை வேணுமாம்."

"அப்ப நீ அழு. எட்ட நின்னு அழு."

3

நடந்தது இவ்வளவுதான். மருத்துவச்சி கெமா இறந்துவிட்டாள். பெண்களின் ரகசியச் சங்கத்துத் தலைவி; வழக்கப்படி அவள் உடம்பில் ஆண் கை படக்கூடாது. உறவுக்காரிகள் வாசலை மறித்தார்கள்.

"ஆம்பளைங்க வெளிய நில்லுங்க. யாட்டா மட்டும் வரட்டும்."

இருவராகப் போக வேண்டும் என்பது விதி. இரண்டாவது பெண்ணுக்கு எங்கே போவது?*

யாட்டா மெல்லிய கையுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு தனியே போனாள். வெள்ளைத் துணி சுற்றும்போது கெமாவின் செப்பு வளையல் ஒரு கையின் இரண்டு உறையையும் கிழித்தது. யாட்டா கத்தவில்லை, ஓடவில்லை. வெளியே வந்து குளோரின் தண்ணீருக்குக் கையை நீட்டினாள். விரலில் ஒரு சின்னக் கீறல்.

* பயிற்சிக் கையேட்டில் பெண் படம் ஒன்று உண்டு. பிணமாக.

4

கீறல் பட்டதிலிருந்து இருபத்தொரு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால் யாட்டா பிழைத்தாள். இன்று ஒன்பதாவது நாள். ஆனால் கதை இன்றே போக வேண்டும்.

முடிவு அ: காய்ச்சல் வருகிறது. அலுவலகம் அழகான இரங்கல்...

முடிவு ஆ: வரவில்லை. சான்றிதழ், கைதட்டல், புகைப்படம்...

"எந்த முடிவுண்ணே போட்ட?"

"எதுவும் போடல."

"நல்லது." யாட்டா சிரித்தாள். "நாளைக்கு என் எடத்துல யாரு?"

"உன் தங்கச்சி பைந்து. அவளாவே வந்து பேர் குடுத்தா."

யாட்டாவின் சிரிப்பு நின்றது.

"எந்தக் கையுறையில?"

நான் நான்காவது கடிதத்துக்குத் தாள் எடுத்தேன்.

5

வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவரானால், நாளைக் காலை எங்கள் வண்டி கிளம்புவதற்குள் எழுதுங்கள். வசதிக்காக நான்காவது கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். அதில் உருக்கம் எதுவும் இல்லை. முழங்கை வரை கையுறை, நடுத்தர அளவு, பைந்துவுக்கு.