பானட்டின் மேல் ஐந்து பெட்டிகள்

தண்ணீர் முட்டளவுதான் இருக்கும் என்றார் அத்தான். யாருடைய முட்டு என்று அக்கா கேட்டாள். அவர் கியரை மாற்றி ஜீப்பைப் புல்வெளிக்குள் இறக்கினார்.

வெள்ளத்தால் ஓடைப் பாலத்தை அடைத்திருந்தார்கள். சுற்றிப் போனால் மதியம் தாண்டிவிடும். பின்சீட்டில் என் பக்கத்திலும் காலடியிலும் ஐந்து அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சுகள். அக்காவின் பொரிப்பகத்துக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. அந்தப் பக்கம் பண்ணைக்காரம்மா அறைக்கு விளக்குப் போட்டுச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தார்.

புல்லுக்குள் ஒரு பள்ளம் ஒளிந்திருந்தது. ஜீப் மூக்கைக் குத்தி இறங்கியதும் பழுப்புத் தண்ணீர் பானட் மேல் ஏறி வந்தது. கதவின் அடியில் புகுந்து என் கணுக்காலை நனைத்தது. இன்ஜின் விக்கல் எடுத்ததுபோல் இழுத்தது. ஓடிவந்த வேகத்தில் எதிர்மேட்டில் ஏறிவிட்டு, அங்கேயே அடங்கிப்போனது.

அத்தான் சாவியைத் திருப்பினார். டக்கென்று ஒரே சத்தம். மறுபடி திருப்பப் போனவரின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. இன்ஜின் தண்ணி குடிச்சிருக்கு."

"பேட்டரி வீக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை..."

"மாவு மில்காரரும் இப்படித்தான் ஒரே ஒரு தடவைன்னு திருப்பினார். உள்ள ராடு வளைஞ்சு, இப்ப அந்த வண்டியில அவர் வீட்டுக் கோழி அடையுது."

"நம்மகிட்டயும்தான் கோழி இருக்கு. தோதாப் போச்சு."

அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றினால் உள்ளே போன தண்ணீரை அதுவே வெளியே துப்பிவிடும். அக்கா டூல்ஸ் பையைச் சீட்டில் கவிழ்த்தாள். பிளக் ஸ்பேனர் மட்டும் இல்லை.

"எங்கங்க அது?"

அத்தான் வானத்தைப் பார்த்தார். எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். தினமும் அதன் மேல்தான் தூசி தட்டுகிறேன்.

"ஜன்னல்ல," என்றார்.

"எந்த ஜன்னல்ல?"

"பொரிப்பான் ரூம் ஜன்னல்ல முட்டுக் குடுத்திருக்கேன். கொக்கி போயிடுச்சுன்னு நீதானே தினமும் கத்தினே?"

"கொக்கி வாங்கிப் போடச் சொன்னேன். ஸ்பேனரை எடுத்துச் சொருகச் சொன்னேனா?"

அவர்கள் சத்தத்தை மீறிக் குஞ்சுகள் கத்தின. குளிர்ந்தால் முதலில் கத்தும், பிறகு அடங்கும். அடங்குவதுதான் ஆபத்து. காலடியில் இருந்த இரண்டு பெட்டிகளின் அடி ஊறி, குஞ்சுகளின் வயிறு நனைந்திருந்தது. என் சால்வையைக் கிழித்து அவற்றுக்கு அடியில் விரித்தேன். அக்கா பானட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. ஐந்து பெட்டிகளையும் அதன் மேல் வைத்துத் தார்ப்பாயைப் போர்த்தினோம். கொஞ்ச நேரத்தில் சூடு ஏறிக் கத்தல் தணிந்தது.

உடனே அத்தானுக்கு பானட்டைத் திறக்க வேண்டியிருந்தது.

"ஃபில்டரை எடுத்துக் காய வச்சாலே ஸ்டார்ட் ஆயிடும். பெட்டியை இறக்கு."

"ஸ்பேனர் இல்லாம திறந்து என்ன பார்க்கப் போறீங்க? இருக்கிற சூடும் போயிடும்."

"வண்டி கிளம்பினா ஹீட்டரே போட்டுக்கலாம்ல?"

"கிளம்பாதுங்க!"

"நீ மெக்கானிக்கா?"

"நீங்க மெக்கானிக்கா?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். "வாயாடி, நீ சொல்லு." நான் பேசமாட்டேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது. நான் தார்ப்பாயின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் என் விரல்களுக்குக் கீழே தகடு ஆறிக்கொண்டிருந்தது. மறுபடியும் கத்தல் எழுந்தது.

அப்போது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அக்கா ஓடிப்போய் நிறுத்தினாள்.

"அண்ணே, பிளக் ஸ்பேனர் இருக்கா?"

"என் டிராக்டர் டீசல் வண்டிம்மா. பிளக்கே கிடையாது, ஸ்பேனர் எதுக்கு?" டிராக்டர்காரர் இறங்கி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். "கயிறு இருக்கு. கட்டி இழுத்தா தானா ஸ்டார்ட் ஆயிடும்."

அத்தான் முகம் மலர்ந்தது. "பாத்தியா! விவரம் தெரிஞ்ச மனுஷன்."

டிராக்டர்காரர் முடிச்சுப் போடக் குனிந்தபோது அக்கா போய்க் கயிற்றின் மேலேயே நின்றுவிட்டாள். "இழுத்தாலும் உள்ள சுத்தத்தானே செய்யும்? ராடு வளையத்தானே செய்யும்? வண்டியை விடுங்கண்ணே. குஞ்சுகளை மட்டும் ஏத்திக்கிட்டுப் போங்க. மேட்டுப் பண்ணை."

வைக்கோலில் குழி பறித்துப் பெட்டிகளைப் புதைத்தோம். நனைந்தவை நடுவில். யார் கூடப் போவது என்று யாரும் கேட்கவில்லை. அத்தானுக்குக் குஞ்சைப் பிடிக்கத் தெரியாது. அக்கா போனால் ஜீப்பும் அத்தானும் தனியாக இருப்பார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். பொரிப்பகத்துக்கு ஆள் வந்தாலே உள்ளறைக்குள் போய்விடுகிறவள் நான்.

"குட்டி, நீதான். எது நனைஞ்சதுன்னு பண்ணைக்காரம்மாகிட்ட முதல்லயே சொல்லிடு."

சொல்லிக்கொண்டே என் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மடக்கினாள். ஜீப்பின் சாவி.

டிராக்டர் நகர்ந்ததுதான் தாமதம், அத்தான் பானட்டைத் திறந்தார். ஃபில்டரை எடுத்து உதறினார். சீட்டில் ஏறி உட்கார்ந்து கையால் துழாவினார்.

"ஏய், சாவி எங்க?"

அக்கா பம்பரில் உட்கார்ந்து பாவாடை விளிம்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். "குஞ்சுங்களோட போகுது."

"வாயாடி! நிறுத்தச் சொல்லு!" அவர் ஓடி வந்தார். நாலு எட்டில் செருப்புச் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று ஏதோ திட்டினார். நான் விரல்களை இன்னும் இறுக்கினேன்.

புல்வெளி முடியும்போது கத்தல் குறைந்தது. சூட்டிலா, குளிரிலா என்று தெரியவில்லை. நனைந்த பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கையை விட்டேன். மூலையில் சில தலை தொங்கிக் கிடந்தன. மற்றவை என் கையோடு முட்டின. வயிறு இன்னும் ஈரம், ஆனால் சூடு இருந்தது.

பண்ணைக்காரம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, ரெண்டு பெட்டி நனைஞ்சிடுச்சு. இதை முதல்ல விளக்குக்குக் கீழ வைங்க." டிராக்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

டிராக்டர்காரர் திரும்பினார். "என்னம்மா?"

"சீக்கிரம் போங்கண்ணே!" என்று கத்தினேன்.