பிறந்த வீட்டுக் கோடி

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். ஹாலிஎலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த வண்டிக்காரன், போகிற போக்கில் ஜெயில் வாசலில் மாட்டை நிறுத்தினான். "சடையாண்டியோட தங்கச்சி வீட்ல சாவு. கோடி போட அண்ணன் வரணுமாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொணத்த வச்சிருப்பாங்க" என்று காவல்காரன் ஜௌபரிடம் சொல்லிவிட்டுப் போனான். செத்தது யார் என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஜௌபர் மலாய்க்காரன். கோடிக்கு ஆள் தெரிய வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜெயில் துரை மனம் இரங்கி ஒரு பகல் லீவு கொடுத்தார். ஜௌபர் கூடவே போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். சடையாண்டி பிடிபட்ட அன்று கட்டியிருந்த வேட்டியும் மடியில் இருந்த காசும் காலையில் அவன் கைக்கு வந்தன.

"செத்தது யாருங்கய்யா?"

"உன் தங்கச்சி வீட்டுல. அவ்வளவுதான் சொன்னான்."

அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். தங்கச்சி அங்கம்மா, அவள் புருஷன் தம்பையா. தம்பையா குடித்துவிட்டு அவளைப் போட்டு அடிப்பதைப் பொறுக்க முடியாமல், மண்வெட்டிப் பிடியால் அவன் தோளை உடைத்ததற்குத்தான் சடையாண்டி உள்ளே இருந்தான். கோர்ட்டில் அங்கம்மா புருஷன் பக்கம் நின்று, "எங்கண்ணன்தான் வம்புக்கு வந்தாரு" என்று சாட்சி சொன்னாள். அதற்குப் பிறகு அவளை அவன் பார்க்கவில்லை. அவனுக்குக் கோபம் இல்லை. சாட்சி சொல்லிவிட்டு அவள் அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்! கடலுக்கு அக்கரையில், சொந்த ஊரில், பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தாயிற்று. இந்தச் சீமையில் அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

லிங்கம் முதலாளியின் துணிக்கடைப் படியேறும்போதுதான் சிக்கல் முழுசாக உறைத்தது. சாவு வீட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் புதுச்சேலைதான் கோடி. தங்கச்சி செத்திருந்தால், பூவும் பொட்டுமாகப் போகிறவள் மேல் போர்த்தச் சிவப்போ மஞ்சளோ வேண்டும். புருஷன் செத்திருந்தால், தாலி அறுக்கிற தங்கச்சிக்கு வெள்ளை வேண்டும். போகிற வழியில் விசாரித்து வாங்கலாம் என்றால், ஹாலிஎலைக் கடைகளில் கருவாடு கிடைக்கும், சேலை கிடைக்காது.

"யாருக்குப்பா கோடி?"

"தெரியல மொதலாளி."

லிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டையும் கொண்டு போன்னு சொல்லவும் வாய் வரல. ரெண்டு பேரையும் சேத்து அனுப்புற மாதிரி ஆயிடும். ஒண்ண எடு."

சிவப்பைத் தொட்டான். தொட்ட கை தானாகப் பின்வாங்கியது. அதை எடுத்தால் அங்கம்மாவைத் தன் கையாலேயே பாடையில் படுக்கவைத்ததாகிவிடும் என்று பட்டது. அப்படியானால் வெள்ளை. அப்படியானால் தம்பையா. சாகட்டும் என்றது மனசு. ஆசைப்பட்டே சொன்னது.

"வெள்ளையே குடுங்க."

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். ஜௌபர் வெற்றிலையை மென்றுகொண்டு பின்னால் வந்தான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத சடையாண்டி, மனசுக்குள் ஒரு குடித்தனமே நடத்தினான். விடுதலையானதும் அங்கம்மாவை அப்புத்தளைப் பக்கம் வேறு தோட்டத்துக்குக் கூட்டிப்போவான். ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. அவள் கொழுந்தெடுப்பாள், அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவான். யாரும் அவள் மேல் கை வைக்க முடியாது. சாவு வீட்டுக்குப் போகிறவன் இப்படியா நடையை எட்டிப் போடுவது என்று ஒரு இடத்தில் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. நடையைக் குறைத்துக்கொண்டான்.

லயத்து வரிசை வீடுகளை நெருங்கும்போதே ஒப்பாரி கேட்டது. மாரடித்து அழும் பெண்களுக்குள் அங்கம்மாவின் முகத்தைத் தேடினான். காணவில்லை. வாசலில் ஒரு ஆள் தரையில் குந்தியிருந்தான். ஒரு தோள் இறங்கியிருந்தது. தம்பையா.

சடையாண்டி பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதற்குள் பக்கத்துக் காம்பராக் கிழவி தனலெட்சுமி, "அண்ணங்காரன் வந்துட்டான், கோடி வந்திருச்சு!" என்று பிடுங்கிப் பிரித்துவிட்டாள்.

ஒப்பாரி நின்றது.

"அடப்பாவி, காய்ச்சல்ல கட்டுக்கழுத்தோட போனவளுக்கு வெள்ளையா?"

தம்பையா சேலையைப் பார்த்தான். பிறகு சடையாண்டியைப் பார்த்தான்.

"இது எனக்காக எடுத்ததா, மச்சான்?"

வண்டிக்காரன் மாற்றிச் சொல்லிவிட்டான் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். உள்ளே அவள் கிடக்கும்போது பொய் வாயில் வரவில்லை.

"ஆமா, மாப்ள."

அடிக்கத்தான் போகிறான் என்று ஜௌபர் முன்னால் வந்தான். தம்பையா அடிக்கவில்லை. கிழவியிடம் திரும்பி, "மஞ்சளக் கரைங்க" என்றான். "அண்ணன் வருவாரு, அண்ணன் வருவாருன்னு ரெண்டு நாளாப் பொலம்புனா. அவரு கொண்டாந்ததத்தான் போடணும்."

அண்டாவில் மஞ்சள் கரைத்து வெள்ளையை முக்கி எடுத்தார்கள். ஈரச்சேலையைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். ஒரு தலைப்பைத் தம்பையா நல்ல கையால் பிடித்தான். மறு தலைப்பைச் சடையாண்டி பிடித்தான். எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். நடுவில் மஞ்சள் தண்ணீர் கொட்டியது. இரண்டு பேரும் அழுதார்கள். ஒருவரை ஒருவர் தேற்றவில்லை.

ஈரம் காயாமலே சடையாண்டி அவள் மேல் போர்த்தினான். மெலிந்துபோயிருந்தாள். "சில்லுன்னு இருக்கா, தாயி?" என்று அவள் காதருகே குனிந்து கேட்டுவிட்டான்.

குழியில் மண் தள்ளியதும் சடையாண்டியும் ஜௌபரும் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்கள். தம்பையா வழியனுப்ப வரவில்லை. வந்திருந்தாலும் இனிமேல் மச்சான் என்றும் மாப்ள என்றும் கூப்பிட இரண்டு பேருக்கும் நடுவில் ஆளில்லை.

ஜெயில் கேட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. ஜௌபருக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சொன்ன நேரத்துக்குத் திரும்பிட்டே. தொரைகிட்ட நானே சொல்றேன். இன்னொரு தடவ லீவு கேட்டாலும் குடுப்பாரு."

"இனிமே யாருக்குன்னு கேக்குறது, ஐயா?"

ஜௌபர் கதவைத் தட்டினான்.