குலசிங்கம் தடி தேய்த்த கதை

1.

இந்தக் கதை ஒரு பென்சிலில் தொடங்கியது. எழுத உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூராக்கியதில் எழுதுவதற்குப் பென்சிலே மிஞ்சவில்லை. அப்போதுதான் குலசிங்கம் வந்தார்.

முதல் தொடக்கம்: 'திருகோணமலைத் துறைமுகத்தின் மேலே பொன்னிறச் சூரியன்...' (வேண்டாம். யுத்தம் நடந்த 1943இல் அந்த வானத்தைக் குண்டுபோடும் விமானங்களுக்காகத்தான் அண்ணாந்து பார்த்தார்கள், சூரியனுக்காக அல்ல.)

இரண்டாவது: குலசிங்கத்தின் பட்டறைக் கொட்டில் கதவில் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப்போகிறார்களாம்.

இது போதும்.

2.

குலசிங்கம் தோணிகளுக்குத் துடுப்பு செய்கிறவர். கடற்படைக் கிளப்பின் சமையல்காரர் அலியார் அவரிடம் ஒரு மீசைத் துரையைக் கூட்டிவந்தார். துரையின் கையில் மேசைப் பந்து அடிக்கிற பில்லியட் தடியும் ஒரு பித்தளை வளையமும்.

"கடல் ஈரத்துக்குத் தடி ஊதிப்போச்சாம், விரலுக்குள்ள சிக்குதாம்," என்றார் அலியார். "இந்தப் பித்தளை வளையம் நுனியிலயிருந்து ஒரு சாணுக்கு ஓடோணும். வடிவாச் செய்து குடுத்தால் கொட்டிலை இடிக்காமல் விடச்சொல்லிக் கதைப்பாராம்."

தேய்க்கிற கடதாசி யுத்தத்தோடு கடைகளில் இல்லாமல் போயிருந்தது. மனைவி அன்னலட்சுமி, கூரையில் காய்ந்த திருக்கை மீன் தோலை இழுத்துக் கொடுத்தாள். அதன் சொரசொரப்பால் தேய்த்தார். வளையத்தைப் போட்டார். சிக்கியது. தேய்த்தார். சிக்கியது. அவர் நெஞ்சு ஒரு [இங்கே ஓர் உவமை தொடங்கி விட்டுவிட்டேன். மனுஷன் பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.]

"மெல்லமாத் தேயுங்கோ. கூடிப்போச்செண்டால் திருப்பி ஒட்ட ஏலாது."

"சும்மா இரு, அன்னம். கை தானா அழுத்துது."

"அதுக்குத்தானே சொல்லுறன்."

வளையம் வழுக்கி ஓடியது. இருவருக்கும் மூச்சு வந்தது. மெருகேற்ற எண்ணெய் வேண்டும். வீட்டில் இருந்தது தோணிப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய். அதையே பூசினார்.

3.

(ஓரக்குறிப்பு: சுறா எண்ணெயின் மணத்தைச் சொல்ல நான் எழுதிய வசனங்களையெல்லாம் வெட்டிவிட்டேன். உங்கள் நன்மைக்காக.)

அடுத்த நாள் அலியார் ஓடிவந்தார். "மீசைத் துரை வெண்டிட்டார்! எண்ணெய் மணத்துக்குக் கிளப்புப் பூனையெல்லாம் மேசைக்கு மேல! எதிர்த்து விளையாடின கண்ணாடித் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால அடிச்சவர்."

குலசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரியுங்கோ. கொட்டில் இடிக்கிற வேலைக்குப் பொறுப்பே அந்தக் கண்ணாடித் துரைதான்."

சிரிப்பு நின்றது.

இந்த இடத்தில் கொட்டிலை இடித்துக் கதையை முடிக்க நினைத்தேன். துயரமான முடிவுக்குத்தான் மதிப்பு. ஆனால் அன்னலட்சுமி கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறாள்.

4.

கண்ணாடித் துரை வந்தார். அவர் கையிலும் ஒரு தடி.

"இவருக்கும் அதே எண்ணெயாம்," என்றார் அலியார். "ஆனால் மீசைத் துரையின்ர தடியைவிட மெல்லிசா வேணுமாம். நீங்கள் இவருக்குத் தேய்ச்சுக் குடுத்துக்கொண்டிருக்குமட்டும் கொட்டிலில ஒருத்தரும் கைவைக்க மாட்டினமாம்."

கண்ணாடித் துரை வென்றார். உடனே மீசைத் துரை வந்தார், இன்னும் மெல்லிசாக வேண்டுமென்று. அதன்பின் தோற்றவர் வருவார், குலசிங்கம் தேய்ப்பார், கொட்டில் நிற்கும். அடுத்த வருஷமும் அப்படியே போனது. பித்தளை வளையம் இப்போது தடியில் கலகலவென்று ஆடுகிறது.

"இனித் தேய்ச்சால் முறிஞ்சுபோம், அன்னம்."

"யுத்தம் முடியுமட்டும் தாங்காதோ?"

"தடி முதல் முடியுமோ, யுத்தம் முதல் முடியுமோ, எனக்கென்ன தெரியும்?"

யுத்தம் முடிந்த வருஷம் உங்களுக்குத் தெரியும். தடி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம்; இன்றைக்குத் தோற்றவர் வந்துவிட்டார். குலசிங்கத்துக்குக் கை உளைகிறது. இந்தாருங்கள், திருக்கைத் தோலைப் பிடியுங்கள். ஒரு இழுப்பா, இரண்டா, நீங்களே பாருங்கள்.