உள்பையைத் தொடாத கை

ஏரியில் பாதரசம் அளக்க இரண்டு பேர் வேண்டும். தண்ணீர் பிடிக்கும் பாட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகளில் வரும். ஒருவர் படகு, கயிறு, வெளிப்பை எல்லாம் தொடலாம். பாட்டில் இருக்கும் உள்பையை மட்டும் தொடக் கூடாது. மற்றவர் அந்த உள்பையையும் பாட்டிலையும் தவிர வேறெதையும் தொடக் கூடாது. நாங்கள் தேடும் அளவு அவ்வளவு சிறியது. விரலில் ஒட்டிய தூசியே அதைக் கெடுத்துவிடும். ஆய்வகத்தில் இந்த இருவருக்கும் பெயர் அழுக்குக் கை, சுத்தக் கை. நான் சுத்தக் கை. படகுக்காரரான என் அக்கா கணவர் அழுக்குக் கை.

"கல்யாணமான மறுநாளே உங்க அக்கா வெச்ச பேருதான் இது" என்று சிரிப்பார்.

கரையிலிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடி முப்பது வருடமாகிறது. அது விட்ட பாதரசம் அடிச்சேற்றில் கிடக்கிறது. போன வருடம் ஏரியின் மேல்தண்ணீரைச் சோதித்தேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை. "தைரியமா மீன் சாப்பிடுக்கா" என்று சொன்னது நான்தான்.

சேற்றைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். காற்று எட்டாத அந்தச் சேற்றில் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. உயிர்களின் உடம்பில் எளிதாகத் தங்கிவிடுகிற வடிவம் அது. பாசியில் ஏறும். பாசியைத் தின்னும் பூச்சியில் கூடும், பூச்சியைத் தின்னும் பொடிமீனில் இன்னும் கூடும். பொடிமீன்களைத் தின்றே பல வருடம் வாழ்ந்த பெரிய மீனில், தண்ணீரில் இருந்ததைப்போல லட்சக்கணக்கான மடங்கு. தசையோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து இப்போது ஐந்தாம் மாதம். வலையில் விழுவதில் ஆகப் பெரிய மீனை மாமா விற்காமல் அவளுக்கே கொண்டுபோய்க் கொடுத்து வந்தார்.

இந்த முறை சேறு, அடித்தண்ணீர், மீன் மூன்றையும் சோதித்தோம். முடிவு வந்த அன்று மாமா ஆய்வக வாசலில் நின்றார்.

"பெரிய மீன்ல எவ்வளவு?"

"சாப்பிடலாம்னு சொல்ற அளவைவிட மூணு மடங்கு மாமா."

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு உள்பையை நான் தொட்டுட்டேன். திட்டுவியேன்னு சொல்லல. அப்ப எல்லாமே தப்புதானே? தூக்கிப் போடு."

எனக்கும் அதை நம்ப ஆசைதான். ஆனால் இந்தச் சந்தேகத்துக்காகவே பாதரசமே இல்லாத சுத்தநீர் ஒரு பாட்டில் எங்களோடு படகில் வரும். அங்கே திறந்து மூடி, மற்றவற்றோடு கொண்டுவந்து சோதிப்போம். கை பட்டிருந்தால் அதில் தெரிந்திருக்கும். மீன்தசையையும் ஆய்வகத்தில் தோலுக்கு அடியிலிருந்து நானேதான் வெட்டினேன்.

"சுத்தநீர் பாட்டில்ல ஒண்ணுமே இல்ல மாமா."

"பாட்டில் சொல்றத நம்புவ, மாமா சொல்றத நம்ப மாட்ட."

"போன வருஷம் நான் சொன்னதத்தானே நீங்க நம்புனீங்க" என்றேன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் அக்காவிடம் முடிவைச் சொன்னேன். "ஆளுக்கொரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கும்போதே நெனச்சேன்" என்றாள் அக்கா. பிறகு வயிற்றின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்தாள்.

"உள்ள போனத எடுக்க முடியுமா?"

"முடியாதுக்கா. இன்னையோட அந்த மீனை நிறுத்தினா உடம்பே மெதுவா வெளியேத்தும். பாதியாகவே ரெண்டு மாசம் ஆகும்."

"பாப்பாவுக்கு?"

"தெரியல. எவ்வளவு போயிருக்கும்னு வேணா முடியை வெச்சுப் பாக்கலாம்."

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த மாதம் ரத்தத்தில் இருந்த பாதரசம், ஏரிச்சேறு அடுக்கடுக்காகப் படிவதுபோல, அந்த ஒரு சென்டிமீட்டரில் தங்கிவிடும். வேரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஐந்து மாதம்.

அக்கா திரும்பி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். "பின்னாடி வெட்டுடி. வழுக்கை தெரியாத மாதிரி."

பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைப் பிடித்து, வேர்ப்பக்கம் நூல் கட்டி, தோலை ஒட்டி வெட்டினேன். பை எடுக்கத் திரும்பினேன்.

மாமா ஏற்கெனவே வெளிப்பையைத் திறந்து பிடித்திருந்தார். வெளிப்பையின் வாயை இரண்டு பக்கமும் விரல்நுனியால் அகல இழுத்து, எப்போதும்போல, உள்பையின் மேல் ஒரு விரலும் படாமல் நீட்டினார்.