முதலாம் மனுதாரர்

இருவரும் ஆண்கள் என்று சொல்லி எங்கள் திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்த அலுவலகத்தின் மீது நானும் அவனும் வழக்குப் போட்டு ஆறு வருடமாகிறது. மனுவில் யார் பெயர் முதலில் வருவது என்று பூவா தலையா போட்டோம். அவன் ஜெயித்தான். அன்றிலிருந்து வீட்டில் அவன் முதலாம் மனுதாரர், நான் இரண்டாம் மனுதாரர். "இரண்டாம் மனுதாரர் பாத்திரம் கழுவணும்னு கோர்ட் உத்தரவு" என்பான். பதினான்கு வாய்தாவுக்கும் ஒரே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

போன மாதம் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று அவன் அக்கா என்னை, "கூடக் குடியிருந்தவர்" என்று யாரிடமோ சொன்னாள்.

வக்கீலம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீங்க ஒருத்தர் மட்டும் நின்னா, கல்யாணம் யாரோடன்னு கேப்பாங்க. இறந்தவர் இடத்துல வாரிசு வரணும். திங்கக்கிழமைக்குள்ள வரலேன்னா கேஸ் முடிஞ்சுது."

"வாரிசு நான்தானே மேடம்?"

"அப்படிச் சொல்லச் சொல்லித்தானே கேஸே போட்டிருக்கோம்? அவங்க அக்கா கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அக்காவுக்கு ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. நிலவறை. ஜன்னல் கிடையாது. நனைந்த துணி வாசனையும் நீராவியும் முகத்தில் அறைந்தன. அவள் ஒற்றை ஆளாக ஒரு பெரிய படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"யாருக்கு யார் அக்கா? எந்த முறையில கூப்பிடுற நீ?"

"முறைன்னு பார்த்தா நீங்க எனக்கு மச்சினியா நாத்தனாரான்னு எங்களுக்கே தெரியல. ஒருநாள் சாயங்காலம் பூரா யோசிச்சான். தலைவலிக்குதுன்னு விட்டுட்டான்."

அவள் உதடு லேசாக அசைந்தது. உடனே இறுகிக்கொண்டது.

"கூட மடிக்கிறவ இன்னைக்கு வரல. சும்மா நிக்காம அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். இழுத்து உதறினோம். இரண்டாக மடித்து, நடந்து வந்து, என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஏழெட்டு விரிப்புகள் அடுக்கில் சேர்ந்தன.

"நல்லா மடிக்கிற. அவனுக்கு ஒரு துண்டுகூட மடிக்க வராது."

"தெரியும். பதினொரு வருஷமா அவன் துணியையும் நான்தான் மடிச்சேன்."

அவள் கை நின்றது. பதினொரு வருடக் கணக்கு அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குடு அந்தக் காகிதத்தை" என்றாள். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் யாரு?"

"முதலாம் மனுதாரர்."

"அடப்பாவி! உன்னைக் கட்டிக்கறேன்னு நான் கேஸ் போட்ட மாதிரி ஆயிடுமே. என் வீட்டுக்காரர் காதுல விழுந்தா தொலைஞ்சேன்."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தின் மேல் ஈர விரல் பட்டு மை பரவியது.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில், "முதலாம் மனுதாரர்?" என்று குரல் வந்ததும், பழக்கத்தில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் யாரோ ஒருவர் தன் வழக்குக் கட்டுகளை வைத்திருந்தார். வக்கீலம்மா காகிதத்தை நீட்டினார். நீதிபதி வாங்கி வைத்துக்கொண்டார். நாலு மாதம் வாய்தா. மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரங்கள் உறுமின.

"என்ன ஆச்சு?"

"வாய்தாதான்."

"எந்தத் தேதி?"

சொன்னேன். "இரு, எழுதிக்கறேன்" என்றாள். எதையோ தேடும் சத்தம் கேட்டது.

"நீங்க வரணும்னு இல்ல. கையெழுத்தே போதும்."

"முதல் பேரு என் பேரு. நான் வராம எப்படி?"

"வந்தாலும் வாய்தாதான் குடுப்பாங்க."

"குடுக்கட்டும்" என்றாள். "லீவு கேட்டுப் பாக்கறேன்."