மதிவதனியின் மணிக்கட்டு

மதிவதனி விழுந்ததை விழுந்தது என்றே சொல்ல முடியாது. குளியலறை வாசலில் கொஞ்சம் ஈரம் இருந்தது. கால் லேசாக வழுக்கியதும் இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். நடக்கப் பழகும் குழந்தைகள் நாள் முழுக்க இப்படித்தான் விழுந்து எழுகின்றன. மதிவதனிக்கோ பதினாலு வயது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடைந்துவிட்டது.

போன வருடம் வேன் படியில் தடுக்கியபோது வலது கை உடைந்தது. அப்போது அவள் அப்பா வேம்புலி புத்தூர்க் கட்டு போட்டுக் கூட்டி வந்துவிட்டான். இந்த முறையும் அங்கேயே போகலாம் என்றான். அம்மா எழிலரசி கேட்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை செய்யும் துணி கம்பெனிக்கு போன் போட்டு லீவு சொன்னாள். பருத்திப்பட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, மகளை ஆவடியில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் இளம்பெண். மாவுக்கட்டு போட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த அன்று, அம்மா அப்பா இரண்டு பேரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். செந்நீர்குப்பத்தில் குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேம்புலி, யூனிஃபார்மோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

டாக்டர் அவர்களைப் பார்க்காமல் மதிவதனியைப் பார்த்தே பேசினார்.

"பால் குடிப்பியாம்மா?"

"இல்ல மேடம்."

"பிடிக்காதா?"

"பிடிக்கும். தம்பிக்குத்தான் குடுப்பாங்க."

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முட்டை?"

"வயசுக்கு வந்தப்ப சடங்கு முடியற வரைக்கும் தினம் குடுத்தாங்க. அப்பால சூடுன்னு நிறுத்திட்டாங்க."

"வெயில்ல விளையாடறதெல்லாம் உண்டா?"

"எங்க மேடம். வேனு, கிளாஸு, டியூஷனு, ஊடு."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"உங்க பொண்ணுக்கு வைட்டமின் டி ரொம்பக் கம்மி. சாப்பாட்டுல கால்சியமும் போதல. ஆயுசுக்கும் தாங்கற பலம் எலும்புல சேர்றது இந்த வயசுலதாங்க. இத விட்டுட்டா அப்புறம் எவ்ளோ கொட்டினாலும் இந்த அளவு சேராது. மாத்திரை எழுதறேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. பால், தயிர், முட்டை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெத்திலி, எது முடியுதோ தினமும் குடுங்க. கட்டு பிரிச்சு நான் சரின்னு சொன்னதும் ஓடணும், குதிக்கணும். ஓடிக் குதிச்சாத்தான் எலும்பு கெட்டியாகும்."

"பொம்பளப் புள்ள குதிச்சினு இருந்தா நல்லாவா கீது மேடம்?" என்றான் வேம்புலி.

"லேசா விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு இங்க வர்ற வயசான பொம்பளைங்க எத்தன பேர் தெரியுமா? அவங்களும் ஒரு காலத்துல பொம்பளப் புள்ளைங்கதான். குதிக்காதேன்னு யாரோ சொல்லி வளர்த்த புள்ளைங்க."

வெளியே வந்ததும் வேம்புலி வெடித்தான். "கைய பாக்கச் சொன்னா ஊட்டு கத கேக்குறா. நம்மகிட்ட இன்னா பால் பண்ணையா கீது? வெயில்ல வுட்டா கறுத்துப் பூடுவா. நாளைக்கு எவன் கட்டிப்பான்?"

தினமும் காலையில் வரும் ஒரு பாக்கெட் பாலில் டீ போட்டது போக மிச்சத்தை மகன் அஸ்வினுக்கு ஆற்றிக் கொடுத்தது எழிலரசியின் கைதான். முட்டையை நிறுத்தியதும் அவள்தான். யாரும் அவளை அடித்துச் செய்ய வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிறது என்று தானாகவே செய்தாள். அதை நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது. அந்த எரிச்சலைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று தெரியாமல், மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

போன நேரம் விளையாட்டுப் பீரியட். மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை கூட இல்லை. மேல்மாடி ஜன்னல்களில் மட்டும் இரட்டைப் பின்னல்கள் தெரிந்தன.

தலைமையாசிரியர் சண்முகசுந்தரம் மதிவதனியின் கட்டைப் பார்த்து, "அடடா, என்னம்மா ஆச்சு?" என்றார்.

"அத கேக்கத்தான் சார் வந்தேன்" என்றாள் எழிலரசி. "பொம்பளப் புள்ளைங்கள ஏன் சார் கிரவுண்டுக்கு வுட மாட்றீங்கோ? பீட்டி பீரியடு பசங்களுக்கு மட்டுமா? பீஸு ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணாத்தான வாங்குறீங்கோ?"

"அது நாங்களா எடுத்த முடிவு இல்லம்மா. பெற்றோர் தரப்புல கேட்டுக்கிட்டதாலதான்."

"எந்தப் பெத்தவங்க? நான் கேக்கலியே."

சண்முகசுந்தரம் சங்கடமாகச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரரே வந்தாரேம்மா. ரெண்டு வருஷம் இருக்கும். அவரோட இன்னும் மூணு நாலு அப்பாக்கள். பெரிய சத்தம் போட்டுட்டாங்க. இந்தப் பொண்ணுங்க த்ரோபால் ஆடறத ஒரு பையன் செல்போன்ல வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டான். இனிமே பொண்ணுங்கள கிரவுண்டுல இறக்கினா டிசி வாங்கிடுவோம்னாங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

எழிலரசி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மதிவதனியின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா. அப்பா வண்டி ஸ்கூல் கேட்டாண்ட நின்னுது. ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? நீயுந்தான் வெயில்ல போவாத, கறுத்துடுவேன்னு சொல்லினு இருந்த."

எழிலரசிக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "வீடியோ எடுத்தவன இன்னா சார் பண்ணீங்கோ?" என்று கேட்டாள்.

"கண்டிச்சோம்மா. சின்னப் பையன். எதிர்காலம் இருக்கு பாருங்க."

"என் பொண்ணுக்கு இல்லியா சார் அது?"

அன்று சாயங்காலம் வேம்புலி வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எழிலரசி ஆரம்பித்துவிட்டாள். அடுத்த போர்ஷனில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. யார் கேட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

"ஸ்கூலுக்குப் போய் கிரவுண்ட மூடச் சொன்னியா நீ?"

"ஆமா, சொன்னேன். இன்னா இப்போ?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இன்னாத்த கேக்கறது? அந்த வீடியோவ என் குடோன்ல ஒருத்தன் என்கிட்டயே காட்டினான், தெரியுமா உனக்கு? அவ என் பொண்ணுன்னு அவனுக்குத் தெரியாது. 'இத பாரு மாமே'ன்னு காட்டி இளிக்கிறான். என் பொண்ணு எகிறி எகிறி பந்து புடிக்கிறா. அவன் அத மறுபடி மறுபடி ஓட்டிப் பாக்குறான். நான் இன்னா பண்ணுவேன்?" வேம்புலியின் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினான். "உள்ள வச்சிக் காப்பாத்தாம வெளிய வுடச் சொல்றியா?"

"அவன செருப்பால அடிச்சிருக்கலாம்ல?"

இதைச் சொன்னது எழிலரசி இல்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த மதிவதனி. அப்பாவிடம் அதுவரை குரல் உயர்த்தாத பெண். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"வீடியோ எடுத்தவன் பத்தாவது படிக்கிறான். இன்னிக்கும் கிரவுண்டுல பேட்டு புடிச்சினு நிக்கிறான். நான் கிளாஸ்ல குந்தினு கணக்கு போட்டுகினு கீறேன். தப்பு பண்ணவன் வெளிய, நான் உள்ள. உன் குடோன்ல இளிச்சவன் நல்லா கீறான். எனக்கு ரெண்டு கையும் ஒடஞ்சு போச்சு. யாரப்பா காப்பாத்தின நீ?"

வேம்புலி கையை ஓங்கினான். எழிலரசி குறுக்கே வந்து நின்றாள். "அடி பாக்கலாம். ஒடையறதுக்கு இன்னும் எலும்பு மிச்சம் கீது அவளுக்கு."

ஓங்கிய கை இறங்கியது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எழிலரசி பாலை இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றினாள். டீயை நிறுத்திவிட்டாள். டீ இல்லாமல் வேலைக்குப் போன வேம்புலி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரிக்குக் கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை சேர்த்துத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு வைத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் மகளை ஏரிக்கரை நடைபாதைக்கு அழைத்துப் போனாள். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் திரும்பினாள். கையில் கட்டோடு நடக்கும் பெண்ணை, ஃபிளாட்டுகளிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வந்து நடப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த பெண் ஒருத்தி, "இன்னா எயிலு, பொண்ணு இப்டி கறுத்துட்டா?" என்று கேட்டாள். "கறுக்கட்டும்" என்றாள் எழிலரசி. அவள் சொன்ன விதத்தில் அந்தப் பெண் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் வேம்புலி வண்டியில் முட்டை அட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அவளுக்கு வேக வச்சிக் குடு" என்றான்.

முட்டை வெந்து வந்தது. மகள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் தள்ளவில்லை. ஒற்றைக் கையால் முட்டையைத் தரையில் தட்டி, ஓட்டைப் பிய்த்துப் பிய்த்து எடுத்து, உப்பு தொட்டு முழுசாகத் தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"முட்ட நல்லா கீதுப்பா. ஆனா அது பத்தாது. நீ ஸ்கூலுக்குப் போவணும். கிரவுண்ட மூடுன்னு சொன்ன வாயாலயே தொறன்னு சொல்லணும்."

"போடி, பெரிய இவ. நான் போவ மாட்டேன்."

மறுநாளும் முட்டையைத் தின்றுவிட்டு, "எப்பப்பா போற?" என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவன் திட்டினான். டிவி சத்தத்தைக் கூட்டினான். கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனான். திரும்பி வந்ததும் அதே கேள்வி. கெஞ்சவில்லை, அழவில்லை. வாங்கிக்கொண்டு வரச் சொன்ன சாமானைக் கேட்பதுபோலக் கேட்டாள். கடைசியில் ஒரு காலை அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போலாம். உன் தொல்ல தாங்கல" என்றான். எழிலரசியும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அறையில் வேம்புலி உட்காரவில்லை. "சார், அன்னிக்கு நான் சொன்னத வுட்ருங்க. புள்ளைங்கள வெளயாட வுடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

சண்முகசுந்தரத்துக்கு எரிச்சல் வந்தது. "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொன்னா எப்படிங்க? நாளைக்கு மறுபடி எவனாவது வீடியோ எடுத்தா நீங்கதானே வந்து என் சட்டையப் பிடிப்பீங்க?"

விளையாட்டு ஆசிரியை கனிமொழி ஏதோ கையெழுத்து வாங்க வந்து வாசலில் நின்றிருந்தார். "சார்," என்றார். "ரெண்டு வருஷமா நானும் உங்ககிட்ட இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். யாரு வீடியோ எடுத்தான்னு எல்லாருக்கும் தெரியும். அவனை ஒரு நாள் கூட வெளிய நிறுத்தல."

"டீச்சர், அவன் இப்ப டென்த். பப்ளிக் எக்ஸாம் வருது."

வேம்புலி நிமிர்ந்தான். "எக்ஸாமா?"

அவன் முகம் மாறுவதை எழிலரசி பார்த்தாள். இத்தனை நாள் வீட்டுக்குள் தவறான ஆட்கள்மேல் பாய்ந்துகொண்டிருந்த கோபம் இப்போதுதான் ஆள் அடையாளம் கண்டுகொண்டது.

"அவனுக்கு எக்ஸாமு. என் பொண்ணு ரெண்டு வருசமா ரூம்ல குந்தினு, குந்தினு, எலும்பு அப்பளமாட்டம் ஒடையுது. அவனுக்கு எக்ஸாமா? நான் அன்னிக்கு முட்டாத்தனமா சொன்னேன், சார். நான் படிக்காதவன். நீங்க படிச்சவருதான? தப்பு பண்ணவன இஸ்துகினு வாய்யா, உன் பொண்ண ஏன் பூட்டச் சொல்றன்னு என்னை நீங்க கேட்டிருக்கணுமா இல்லியா? அவங்கப்பன வரச் சொல்லுங்க. அவன் வர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து போவ மாட்டேன்."

சத்தம் கேட்டு ஆசிரியர்கள் கூடினார்கள். வேம்புலி சொன்னபடியே நகரவில்லை. குடோனிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. மதியம் அந்தப் பையனின் அப்பா வந்தார். பையன் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். அந்த வருடம் முழுக்க அவனுக்கு மைதானம் கிடையாது என்று முடிவானது. திங்கட்கிழமையிலிருந்து பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பீரியட் உண்டு என்றார் சண்முகசுந்தரம். மற்ற அப்பாக்களிடம் தானே பேசுவதாக வேம்புலி ஒத்துக்கொண்டான். அதில் ஒருத்தர் கடைசிவரை மசியவில்லை. அவர் பெண் இன்னமும் ஜன்னலில்தான் நிற்கிறாள்.

மதிவதனியின் கட்டைப் பிரித்தபோது கை குச்சியாக இருந்தது. பந்து பிடிக்க இன்னும் நாளாகும், முதலில் மெதுவாக ஓடலாம் என்றார் டாக்டர். அந்த வாரமே அவள் மைதானத்தில் இறங்கினாள். ஒரு சுற்று முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அடுத்த சுற்றில் பாதியில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஏழாவது படிக்கும்போது இதே மைதானத்தில் நிற்காமல் ஓடியவள் அவள்.

"முதல் நாள் இப்படித்தாம்மா இருக்கும். போய் உக்காரு" என்றார் கனிமொழி.

"உக்காந்து உக்காந்துதான் மிஸ் இப்டி ஆனேன்" என்றாள் மதிவதனி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவமானத்தால் வந்த அழுகை இல்லை அது. போன இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது என்ற ஆத்திரம். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தாள்.